பிலிப்பைன்ஸின் தால் ஏரியைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஏரிக்கு மேலே இருக்கிற தகாய்த்தாய் ஊரில் நீங்கள் எடுத்த போட்டோக்களை அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். அதோடு நிற்காமல் யாரோ அனுப்பிய எரிமலை வீடியோவையும் பார்த்துவிட்டு, "பிள்ளையை வரச் சொல்லுங்க" என்று என் உயிரை எடுக்கிறாள். வரச் சொல்லி நான் எழுதவில்லை. படிப்பை முடித்துவிட்டே வா. ஆனால் கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன் கண்ணில் படுகிற சில விஷயங்கள் இருக்கின்றன, கேட்டுக்கொள்.

நீங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறீர்களே, அந்த மேடே தால் எரிமலையின் விளிம்புதான். ஏரி நடுவில் தெரிகிற குட்டித் தீவு மட்டும்தான் மலை என்று எண்ணிவிடாதே. ஆதியில் நடந்த பெருவெடிப்புகளில் அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிட, தாங்க ஆதாரமில்லாமல் மேல்தளம் உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில்தான் ஏரி நிற்கிறது. முன்பு அது கடலோடு சேர்ந்திருந்தது. 1754-இல் மே தொடங்கி மாதக்கணக்கில் மலை குமுறியதில் கடல்வாய் அடைபட்டு, நாளடைவில் உப்பு போய் நன்னீராகிவிட்டது. கடல் மத்திக்கு உறவான தாவிலிஸ் என்ற மீன் அந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இப்போது அருகிவிட்டது. மெஸ்ஸில் போட்டாலும் வேண்டாம் என்று சொல்.

அங்கே பாறை ஏன் உருகுகிறது தெரியுமா? மணிலா இருக்கிற லூசோன் தீவுக்கு மேற்கே, மணிலா அகழி என்ற கடலடிப் பள்ளத்தில், தென்சீனக் கடலின் தரை உங்கள் தீவுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகிறது. அந்தக் கடல்தரைக் கற்களுக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கும். ஆழம் போகப்போக அழுத்தத்திலும் சூட்டிலும் அது பிரிந்து, மேலே உள்ள பாறைக்குள் ஏறும். தண்ணீர் சேர்ந்த பாறைக்கு உருகுநிலை இறங்கிவிடும், கூடுதல் சூடே தேவையில்லை. அந்த ஊர் எரிமலைகளுக்கெல்லாம் மூலகாரணம் தண்ணீர்தான்.

தால் மலையைப் பொறுத்தவரை, தண்ணீர் தலைக்கு மேலும் நிற்கிறது. நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். அடைபட்ட இடத்தில் அப்படி விரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி 12 அன்று மதியம் வரை எச்சரிக்கை நிலை 1. இரவு ஏழரைக்கெல்லாம் 4. உச்சமே 5தான். மணிலா வரை சாம்பல் விழுந்து விமானங்கள் நின்றன. அதே லூசோனில் இருக்கிற பினாட்டுபோ எரிமலை அப்படியில்லை. சுமார் 500 ஆண்டு தூங்கிய மலை 1991 ஏப்ரல் 2-இல் முதலில் ஆவியைக் கக்கியது. பெருவெடிப்பு ஜூன் 15-இல். நடுவில் கிடைத்த அவகாசத்தில் ஃபிவோல்க்ஸ் என்ற அந்த நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனத்துக்காரர்களும் அமெரிக்க நிலவியலாளர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். எனக்குத் தெரிந்து நிலவியல் செய்த ஆகப் பெரிய புண்ணியம் அதுதான்.

அப்படியும் பல நூறு பேர் போனார்கள். அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் நெருப்பில் சாகவில்லை, கூரை விழுந்து செத்தார்கள். இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். வெடிப்பு நடந்த அதே நாளில் யுன்யா புயல் லூசோனைக் கடந்தது. விழுந்த சாம்பலெல்லாம் மழையில் ஊறிவிட்டது. எரிமலைச் சாம்பல் பொடிந்த கல்லும் கண்ணாடியும், கரையாது. நனைந்தால் மழையில் விட்ட சிமென்ட் மூட்டை மாதிரி கனத்து இறுகும். பத்து சென்டிமீட்டர் ஈரச் சாம்பல் என்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்குக் குறையாது, 200 வரை போகும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கே இங்கே நாங்கள் கணக்கில் எடுப்பது 150 கிலோதான். தகரக் கூரைக்கு அதில் பாதி. நீண்ட உத்தரம், நடுவில் தூண் இல்லாத கூடம், தட்டையான தகரம், இவைதான் முதலில் விழும். மார்க்கெட், ஜிம், பெரிய ஹால் மாதிரி இடங்களில் சாம்பல் மழைக்கு ஒதுங்காதே. சின்ன அறை, கான்கிரீட் தளம், அதுவே மேல்.

சாம்பலைக் கூட்டுகிறேன் என்று ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடிக்க விடாதே. அடித்தால் சுமை கூடும், வடிகால் அடைத்துக்கொள்ளும். ஈரம் லேசாகத் தெளித்து மண்வெட்டியால் வழித்தெடுக்க வேண்டும், அதுவும் மேலே நிற்கலாம் என்று தெரிந்த பிறகு. நீ கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாய், அன்று கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள். என்95 முகக்கவசம் ஒரு பெட்டி பையில் இருக்கட்டும். சில நாள் மணிலாவில் கந்தகப் புகைமூட்டம் என்றாயே, அதற்கு அந்தக் கவசம் போதாது. கந்தக வாயுவை அது தடுக்காது. ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே இரு.

வாட்ஸ்அப் வதந்தி எதையும் நம்பாதே, அம்மா அனுப்புவது உட்பட. ஃபிவோல்க்ஸ் அறிவிக்கும் எண்ணை மட்டும் பார். 3 என்றால் தால் பக்கம் எட்டிப் பார்க்காதே. இடம் மாறச் சொன்னால் அன்றே மாறு, பரீட்சை பிறகு எழுதலாம்.

அடுத்து பேசும்போது ஒன்று சொல். உங்கள் ஹாஸ்டல் மாடி கான்கிரீட்டா, தகரமா? தண்ணீர் இறங்கும் குழாய் எத்தனை, எந்த மூலையில்? போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அப்பா