முந்நூறு ரூபாய் ஜப்பான்

மன்னார்குடி
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள நாகு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். தங்கச்சியின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே சம்பா நட்டாயிற்று, மழையும் பிடித்துக்கொண்டது. வடிகாலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது, விடு.

உன் பணி ஓய்வு விழாவுக்கு நான் வரவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காத வாரம் அது என்று போனில் சொன்னது பாதி உண்மை, மீதி சோம்பல். இரண்டு வருடமாக உறுத்துகிறது. திட்டிக்கொள். ஆனால் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் அதைவிடப் பழையது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நாச்சியார்கோயிலில் மல்லிகா பேரனுக்குக் காதுகுத்து. நானும் கமலாவும் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டிவிடலாம் என்று கணக்கு. அந்தக் கேட்டில் அப்படிக் கணக்குப் போட்டு ஜெயித்தவன் உண்டா? தூரத்தில் வரிசை தெரிந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். மிதி பாதி வரைக்கும் ஒழுங்காகப் போய், அப்புறம் வாய்க்கால் சேற்றில் கால் வைத்த மாதிரி சளக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. வண்டி வேகம் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. ஒரு பக்கமாக வேறு இழுக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். எதிரே வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர். பானெட் போய் வைக்கோலுக்குள் புதைந்து நின்றது.

கமலா முதலில் சொன்னது, "புடவையெல்லாம் தூசி." டிராக்டர்காரர் இறங்கி வந்து, வைக்கோலுக்குள் மூஞ்சி வைத்திருந்த என் காரைப் பார்த்துவிட்டு, "மாடுகூட இவ்வளவு அவசரமா வராது சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது. வைக்கோலுக்குப் பதில் கம்பி ஏற்றிய லாரி நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை உனக்குக் கமலாவோ வேறு யாரோ எழுதியிருப்பார்கள்.

பாய் வந்து கட்டி இழுத்துப் போனார். (நம் ஷெட் பாய்தான். இன்னும் அதே பச்சைச் சட்டை.) பின்பக்கத்து வலது சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்தால் உள்ளே எல்லாம் பிரேக் ஆயில் குளம். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளிப் பிடிக்க வைக்கிற வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. "இது எங்க வாங்கினது?" என்றார்.

நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன், ஜப்பான் சாமான் என்று. எட்டு மாதத்துக்கு முன்னால் பழைய சிலிண்டர் லேசாகக் கசிந்தது. கம்பெனி சாமான் தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றார்கள். கடைக்காரர் இன்னொரு பெட்டியை எடுத்துப்போட்டு, இது ஜப்பான், முந்நூறுதான் என்றார். முந்நூறு ரூபாய்க்கு ஜப்பான்! நான் விடுவேனா? பாய் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் வேறொரு பையனை வைத்து மாட்டியும்விட்டேன். பெட்டி டிக்கியிலேயே கிடந்தது. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் இல்லை. 'ஜப்பான் குவாலிட்டி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் ஜப்பானுக்கு இரண்டு 'பி' போட்டிருந்தார்கள். எழுத்துப் பிழையே தமிழ் பேசுகிறது, பார்.

பிரேக் சாமான் செய்தே ஓய்வு பெற்ற உனக்கு நான் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் பாய் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் கிடையாது, கிளைக்கால் என்கிற ரசாயன வகைத் திரவம். அதைத் தாங்குகிற ரப்பர் தனி. கண்ட ரப்பரையும் போட்டால் உப்பிவிடும். சிலிண்டரின் உட்சுவரும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், இதில் விரலை விட்டால் சொரசொரப்புத் தட்டுகிறது. அந்தச் சொரசொரப்பு கப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்திருக்கிறது. நான் பிழைத்ததற்குக் காரணம், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி வழி இருப்பது. ஒரு முன்சக்கரத்துக்கும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரத்துக்கும் ஒரு வழி, மற்ற ஜோடிக்கு இன்னொன்று. ஒன்று ஒழுகினாலும் மற்றது பாதி பிரேக்காவது பிடிக்கும். அந்தப் பாதியில்தான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் பாய், "பழைய சிலிண்டரைத் தூக்கிப்போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். நான் எதைத் தூக்கிப்போட்டிருக்கிறேன்? மாட்டுக்கொட்டகை ஆணி டப்பாவில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். அதில் உன் கம்பெனி முத்திரை.

நாகு, என் கார் 2010 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல். 1,82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பெரும் பகுதி ஓடியது சென்னைப் பாடியில், உன் ஆலையில் செய்த அந்தச் சிலிண்டரோடு. அதற்குள்ளும் கப் மட்டும்தான் தேய்ந்திருந்தது, ஒரு கிட் வாங்கிப் போட்டிருந்தால் போதும் என்றார் பாய். நான் பாடியைக் கழற்றி ஆணி டப்பாவில் போட்டுவிட்டு ஜப்பானை மாட்டியிருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் எனக்கு 'ஜப்பான்' என்று பெயர் வைத்தது எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் வீட்டுக்கு மாருதி 800 வந்த அன்று. 1983 டிசம்பரில் அந்த வண்டி வெளிவந்தது, மறு வருடமே நம் ஊருக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் பாகங்கள் ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. நான் கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தேன் என்று செல்வம் இன்றுவரை சொல்லித் திரிகிறான். மோந்தது உண்மைதான். அப்பாவின் அம்பாசடரில் பெட்ரோலும் வியர்வையும்தான் நாறும். அதற்கப்புறம், பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, "போச்சு, இனி தகரம்தான்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நீ அப்போதுதான் பாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது புத்தி வந்து, வண்டி ஸ்டாண்டில் நின்ற இரண்டு நாளும் பாயோடு உட்கார்ந்து அடியிலும் மேலிலும் இருக்கிற முத்திரைகளையெல்லாம் படித்தேன். சேஸி எண்ணில் 17 எழுத்து. முதல் இரண்டு எழுத்து 'எம்ஏ' என்றால் இந்தியா, ஜப்பானில் செய்ததாக இருந்தால் 'ஜே' என்று தொடங்குமாம். பதினைந்து வருடமாக ஜப்பான் கார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆர்.சி. புத்தகத்தில் முதல் எழுத்தே வேறு. எஞ்சினாவது ஜப்பானா என்றால், ஸ்விஃப்ட் டீசலின் 1,248 சிசி எஞ்சின் இத்தாலிக்காரனான ஃபியட் வடிவமைத்தது, ஹரியானாவின் மானேசரில் செய்தது. இதே எஞ்சினை டாட்டா வண்டியிலும் போட்டிருக்கிறார்கள். ஃபியட் என்றால் முகத்தைச் சுளித்து, மாருதி என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான்!

டெட்ராய்ட்டில் இருக்கிற மல்லிகாவின் சின்னவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் ஒரு புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். பாகங்களில் எத்தனை சதவீதம் அமெரிக்கா, கனடாவினுடையது, எஞ்சின் எந்த நாடு, கியர் எந்த நாடு என்று அச்சடித்திருக்கிறது. 1992-ல் அதற்கு ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். நல்ல சீட்டுதான், ஆனால் வைக்கோலுக்குள் மூக்கை விட்டு வந்தவனுக்கு அது போதவில்லை. எத்தனை சதவீதம் எந்த நாடு என்று எழுதியிருக்கிறதே தவிர, அந்தக் கப்பை அழுத்திப் பார்த்தவன் யார் என்று எழுதவில்லையே.

ராத்திரி தூக்கம் வராமல் இதையே தேடித் தேடிப் படிக்கிறேன். கமலா, "உங்களுக்குக் காதுகுத்து நடந்திருந்தா இவ்வளவு ஞாபகம் இருக்காது" என்கிறாள். 1997 பிப்ரவரி 1 அதிகாலையில் ஜப்பானின் கரியா ஊரில் ஐசின் தொழிற்சாலை எரிந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே செய்தது பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு, கைக்கு அடக்கமான சாமான். டொயோட்டாவின் வால்வு அனேகமாக முழுவதும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது நின்றதும் ஜப்பான் முழுக்க டொயோட்டா ஆலைகள் நின்றன. அப்போது தையல் மெஷின் செய்கிற பிரதர் கம்பெனிகூட வால்வு கடைந்து கொடுத்ததாம். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் சமாளித்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நாச்சியார்கோயில் பட்டறைதான் கண்ணில் வந்தது. குத்துவிளக்கும் ஒரே வார்ப்பா என்ன? அடி தனி, தண்டு தனி, தட்டு தனி. மரை போட்டுத் திருகுகிறார்கள். மரை ஒன்று தப்பினால் விளக்கு ஆடும்.

ஜப்பான் பக்தன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்கில் பையை ஊதவைக்க வைத்த அமோனியம் நைட்ரேட், வெயிலிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள், 2017-ல் கம்பெனி திவாலானது. வெயிலும் ஈரக்காற்றும் என்றால் நம் நாகப்பட்டினம்தானே. அங்கே இருக்கிற மாப்பிள்ளை பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். அன்று ராத்திரியே போன் போட்டு, சேஸி எண்ணைக் கொடுத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லையாம். மாமாவுக்கு வயதாகிவிட்டது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் அம்பாசடரே மேல் என்று இப்போது ஊரில் பேசுகிறார்கள். 2014-ல் உத்தர்பாராவில் ஆலை நின்றதிலிருந்து அதற்கு ஒரு புனிதம் வந்துவிட்டது. அதை மெச்சுகிற எவனும் அதைத் தள்ளியதில்லை. நானும் நீயும் தள்ளியிருக்கிறோம், வடுவூர் ஏரிக்கரை முழுக்க. ஒன்று மட்டும் உண்மை. அது எங்கே நின்றாலும் பக்கத்து லேத்தில் ஏதாவது கடைந்து ஓட்டிவிடலாம். ஆனால் அடிக்கடி நிற்கும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தியாவில் ஹோண்டா ஆலை மூழ்கியது. நம்மைப் போல நெல் விளைகிற ஆற்றுப் பூமி. தண்ணீர் வடிந்த பிறகு, மூழ்கிய 1,055 புதுக் கார்களை அவர்களே உடைத்து நொறுக்கினார்கள். ஒரு பாகமும் வெளியே விற்பனைக்குப் போய்விடக் கூடாது என்று. இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு வந்தபோது, ஆறு பிரிகிற மூணாறு தலைப்பு மதகில் உட்கார்ந்து நீ சொன்னாய், கழித்த சிலிண்டரையெல்லாம் பழைய இரும்புக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சுத்தியால் அடித்து உடைப்போம் என்று. முழுசாக வெளியே போனால் எவனாவது பெட்டியில் போட்டு விற்றுவிடுவான் என்றாய். நான், "டேய், சாமான் செய்யச் சம்பளம் வாங்குறவனைப் பார்த்திருக்கேன், உடைக்கச் சம்பளம் வாங்குறவனை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். செல்வம் மதகிலிருந்து விழப் பார்த்தான் சிரித்து. அதற்கப்புறம் முப்பது வருடம் ஊருக்கு வரும்போதெல்லாம் உன்னைச் 'சுத்தியல்' என்றுதான் கூப்பிட்டோம். உன் மகள் கல்யாணத்தில்கூட, சம்பந்தி வீட்டார் எதிரில். நீ சிரித்துக்கொண்டே பந்தி விசாரிக்கப் போய்விட்டாய். அதற்குத்தான் இந்த மன்னிப்பு. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதறவே இல்லை. முந்நூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, "சார், நீங்கதானே குறைஞ்ச விலையில கேட்டீங்க?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. பணத்தை எடுக்காமல் வந்துவிட்டேன், அதற்கும் கமலாவிடம் திட்டு.

தை பிறந்ததும் வா. புது அரிசி ஒரு மூட்டை எடுத்து வைக்கிறேன். வண்டியில் இப்போது நான்கு சக்கரத்துக்கும் கம்பெனி சாமான், பிரேக் ஆயிலும் புதுசு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும் என்று பாய் சுவரில் கரியால் தேதி எழுதி வைத்திருக்கிறார்.

பழைய சிலிண்டர் என் மேசை மேல் இருக்கிறது. முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு எழுத்தும் நான்கு எண்களும் இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து மறுபக்கத்தில் அப்படியே வரைந்திருக்கிறேன். எந்த மாதம், எந்த ஷிப்ட் என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? 2010-ல் நீ அந்தச் சோதனை மேசையில்தானே இருந்தாய்?

உன்
பாடி பாலு
(முன்னாள் ஜப்பான்)