புது லைசென்ஸுக்கு எஞ்சின் வரம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் 19 வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், நாற்பது வயதுக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடத் துணிந்த அம்மாக்கள் என்று என்னிடம் படித்தவர்கள் பல நூறு பேர். அவர்களில் ஒரு பையனைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக மனதில் இருக்கிறது.

அவனுக்கு அப்போது 18 வயது. நல்ல கை. ஐந்தாம் நாளே மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் ஹாஃப் கிளட்ச்சில் எடுத்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் முதல் தடவையிலேயே தேறினான். அவன் கற்றது எங்களுடைய 800 சி.சி. வண்டியில். அது 50 குதிரைத்திறன்கூட வராது. லைசென்ஸ் தபாலில் வந்த வாரமே அவன் அப்பா 200 குதிரைத்திறன் உள்ள டர்போ (காற்றைத் திணித்து எஞ்சின் திறனைக் கூட்டும் கருவி) பெட்ரோல் எஸ்.யு.வி., அதுவும் ஆட்டோமேட்டிக், வாங்கிக் கொடுத்தார். பதினோராவது நாள் கே.டி.சி. நகரில் நான்குவழிச் சாலையில் ஏறி, ரெட்டியார்பட்டிப் பக்கம் போகும்போது ஒரு டிப்பர் லாரியை முந்தப் பார்த்திருக்கிறான். வண்டி பாய்ந்து நடுத்தடுப்பில் ஏறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனுக்குத் தொடை எலும்பு முறிந்தது, இவனுக்குத் தாடை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். கம்பி கட்டிய வாயோடு அவன் என்னிடம் சொன்னது: “நம்ம வண்டில அமுக்குத மாதிரிதான் அமுக்குனேன், மேடம்.”

அவன் சொன்னது உண்மை. எங்கள் வண்டியில் ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் ஒரு கியர் குறைத்து ஆக்சிலேட்டரை அடி வரை அமுக்க வேண்டும். எஞ்சின் கத்தும், வண்டி அதிரும், பிறகு மெதுவாகத்தான் பிக்கப் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் எதிரே என்ன வருகிறது, இடம் போதுமா, விட்டுவிடலாமா என்று யோசித்துவிடலாம். அந்தச் சத்தமும் அதிர்வும்தான் புது ஓட்டுநருக்குப் பாதி வாத்தியார். 200 குதிரைத்திறன் ஆட்டோமேட்டிக்கில் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. மின்சார வண்டியில் கியரே கிடையாது. நின்ற இடத்திலிருந்து ஏழு நொடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் மின்சார வண்டிகள் இன்று இந்தியாவிலேயே தயாராகின்றன. நான் 37 குதிரைத்திறன் மாருதி 800இல் ஓட்டப் பழகியவள். என் கால் பழகிய பழக்கத்தை வைத்து இன்றைய பிள்ளைகளின் காலைப் பழக்கி அனுப்புகிறேன். அந்தப் பையன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான்.

சட்டம் இதைப் பார்ப்பதே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இலகு ரக வாகனம் எது என்பதை எடையை வைத்து மட்டும் தீர்மானிக்கிறது. 7,500 கிலோவுக்குள் இருந்தால் போதும். 40 குதிரைத்திறன் காருக்கும் 400 குதிரைத்திறன் காருக்கும் ஒரே லைசென்ஸ். கியர் வண்டிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் இதே சட்டம் 16 வயதுப் பிள்ளைக்கு 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டி மட்டும்தான் என்கிறது. அனுபவம் இல்லாத கைக்குச் சின்ன எஞ்சின்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. 18 முடிந்த மறுநாள் அதை ஏன் மறந்துவிடுகிறது?

என் தம்பி மகள் சிட்னியில் இருக்கிறாள். லைசென்ஸ் தேர்வுக்குப் போவதற்கு முன் 120 மணி நேரம் ஓட்டிக் கணக்கு எழுதினாள், அதில் 20 மணி நேரம் இரவில். எங்கள் பள்ளியில் விதிப்படி பத்து மணி நேரம் போதும். அவ்வளவு ஓட்டியும் அவளுக்கு முதலில் கிடைத்தது புது ஓட்டுநர் என்று காட்டும் சிவப்பு ‘பி’ பலகைதான். 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 175 குதிரைத்திறனுக்கு, மேல் திறன் உள்ள வண்டியைத் தொடவே கூடாது. “அப்பா வண்டி எனக்குத் தடை அத்தை, அம்மா வண்டிதான்” என்று போனில் சொன்னாள். முன்பு அங்கே பெரும்பாலான டர்போ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை இருந்தது. சின்ன எஞ்சின்களிலும் டர்போ வந்த பிறகு, 2014இல் எடைக்கு எவ்வளவு திறன் என்ற கணக்குக்கு மாறினார்கள்.

நமக்கு இத்தாலியின் முறை இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியக் கணக்கில் அந்தப் பையனின் எஸ்.யு.வி. தப்பித்துவிடும், ஏனென்றால் அது கனமான வண்டி. இத்தாலியில் டன்னுக்கு 75 கிலோவாட் என்பதோடு, மொத்தத்தில் 105 கிலோவாட், அதாவது சுமார் 140 குதிரைத்திறன், என்ற உச்சவரம்பும் உண்டு. 2024 டிசம்பரிலிருந்து இது லைசென்ஸ் எடுத்த முதல் மூன்று வருடங்களுக்குப் பொருந்துகிறது. பத்து வருட அனுபவம் உள்ள, 65 வயதுக்கு மேற்படாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் விலக்கு. வீட்டில் ஒரே வண்டிதானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த விலக்கே பதில்.

“பெரிய வண்டிதான் மேடம் பாதுகாப்பு” என்று பெற்றோர் சொல்வார்கள். ஏர்பேக் வேண்டும், உறுதியான உடல் வேண்டும் என்பது சரி. ஆனால் அதே வண்டியைப் பல கம்பெனிகள் குறைந்த திறனுள்ள எஞ்சினோடும் விற்கின்றன. ஏர்பேக் அதிலும் இருக்கிறது. பிள்ளைக்கு அதை வாங்குங்கள்.

விதி போட்டால் யார் சரிபார்ப்பது என்றும் கேட்கலாம். ஆர்.சி.யில் எஞ்சின் திறனும் வண்டியின் எடையும் ஏற்கெனவே இருக்கின்றன. லைசென்ஸில் முதன்முதலில் வழங்கிய தேதி இருக்கிறது. இரண்டு கார்டையும் வாங்கிப் பார்க்கும் போலீஸ்காரருக்கு ஒரு நிமிட வேலை.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனதாக மத்திய அரசின் கணக்கே சொல்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் நான் கேட்பது இரண்டு. முதல் இரண்டு வருடங்களுக்காவது எஞ்சின் திறனுக்கு வரம்பு வேண்டும். அந்த இரண்டு வருடமும் வண்டியின் முன்னும் பின்னும், ‘எல்’ போர்டு போலவே, புது ஓட்டுநர் என்று காட்டும் பலகை வேண்டும்.

அந்தப் பையன் இப்போது திரும்ப ஓட்ட ஆரம்பித்திருக்கிறான். போன மாதம் என்னிடம் வந்து, தன் அப்பாவையும் பின் சீட்டில் உட்காரவைத்து, எங்கள் 800 சி.சி. வண்டியிலேயே ரெட்டியார்பட்டி வரை போய் வரவேண்டும் என்றான். போய் வந்தோம்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை