சின்னத்தில் கை வைக்கும் முன் ரசிகர்களைக் கேளுங்கள்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் திரு. கல்யாண் சௌபே அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஹைதராபாத் எஃப்.சி. டெல்லிக்குப் போன கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு கிளப் பெயர் மாறவும் முடியாது, ஊர் மாறவும் முடியாது. 2025 அக்டோபரில், சூப்பர் கோப்பை தொடங்கும் நேரத்தில், ஹைதராபாத் என்ற பெயரும் சின்னமும் ஒரே மூச்சில் போய், ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி வந்து நின்றது. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த அணி கோவாவின் ஃபத்தோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கியிருந்தது. அன்று லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். அவர் நெஞ்சில் இருந்த சின்னம் இன்று எந்த அணியுடையதும் இல்லை.

நான் சென்னைக்காரன். சென்னையின் எஃப்.சி. ரசிகன். ஹைதராபாத் தோற்றால் மகிழ்ந்தவன்தான். ஆனாலும் அந்த அணியின் ரசிகர் மன்றமான டெக்கான் லீஜியனை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆள் வராத நாள்களிலும் ஹைதராபாத்தின் கச்சிபவுலி மைதான ஸ்டாண்டில் நின்று கத்தியவர்கள் அவர்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்த மடலில் நான் முதன்மையாகக் கேட்பது ஒன்று. ஒரு கிளப் தன் பெயரையோ, சின்னத்தையோ, ஜெர்சி நிறத்தையோ, ஊரையோ மாற்ற வேண்டுமென்றால், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களிடமும் பதிவுபெற்ற ரசிகர் மன்றங்களிடமும் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை ஒப்புதலோடுதான் மாற்ற வேண்டும் என்று கிளப் உரிம விதிகளில் எழுதுங்கள். கிளப்பிடம் எத்தனை பயிற்சியாளர்கள் வேண்டும், மைதானத்தில் எத்தனை விளக்குகள் வேண்டும் என்றெல்லாம் விதிகளில் எழுதுகிறீர்கள். இதையும் எழுதலாம்.

இதை உங்களிடம் கேட்கத் தனிக் காரணம் உண்டு. நீங்கள் கோல்கீப்பர். மோகன் பகான் ஜெர்சியும் போட்டவர், ஈஸ்ட் பெங்கால் ஜெர்சியும் போட்டவர். மோகன் பகான் சின்னத்தின் பாய்மரப் படகும் ஈஸ்ட் பெங்கால் சின்னத்தின் தீப்பந்தமும் கொல்கத்தாவில் என்ன பொருள் தரும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால் மோகன் பகானுக்கு நடந்ததையே எடுத்துச் சொல்கிறேன்.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது கொல்கத்தாவுக்கு ஒரு புது அணி வந்தது. மாட்ரிட்டின் அட்லெட்டிகோ கிளப் அதில் பங்குதாரர். அவர்களுடைய சிவப்பு-வெள்ளைக் கோடுகள், அவர்களுடைய பெயர். அட்லெட்டிகோ டி கொல்கத்தா என்றார்கள். 2017-ல் ஸ்பெயின்காரர்கள் விலகினார்கள். பெயர் ஏ.டி.கே. என்று மூன்றெழுத்தாகச் சுருங்கியது. 2020-ல் அந்த அணியின் உரிமையாளர் நிறுவனம் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதப் பங்கை வாங்கியது. அப்போது அந்த மூன்றெழுத்து 1889-ல் பிறந்த ஒரு கிளப்பின் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. படகுச் சின்னத்துக்குள்ளேயும் ஏறியது. கொடுத்தவரே கைவிட்டுப் போன ஒரு பெயரின் மிச்சத்தை, 1911-ல் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற கிளப்பின் தலையில் கட்டினார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது அது நடந்த நேரம். 2020 ஜூலையில் புதுப் பெயரும் சின்னமும் அறிவிக்கப்பட்டன. கொரோனா காலம். அந்த சீசனும் அடுத்த சீசனும் ஐ.எஸ்.எல். முழுக்கக் கோவாவில், 2022 இறுதிப் போட்டியைத் தவிர்த்துப் பூட்டிய மைதானங்களில் நடந்தது. ஐ.எஸ்.எல். வரலாற்றின் முதல் கொல்கத்தா டெர்பி, அதாவது மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டம், கோவாவில் வாஸ்கோவின் திலக் மைதானத்தில் நடந்தது. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இதே இரண்டு அணிகளையும் பார்க்கக் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் கூடினார்கள். 2020 நவம்பரில் கேலரியில் ஒருவர் இல்லை. ஒரு ரசிகன் தனக்குப் பிடிக்காததை எப்படிச் சொல்வான்? பேனர் கட்டுவான், முதுகைத் திருப்பி நிற்பான், மைதானத்துக்கு வராமல் இருக்கையைக் காலியாக விடுவான். மூன்று வழியும் அடைபட்டிருந்தன. காலி இருக்கைக்கு முன் ஆடிய அணிக்கு, ரசிகர்களின் காலி இருக்கை எப்படி உறைக்கும்?

அவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்கள். வர்ணனையாளர் ஒவ்வொரு முறையும் அந்த மூன்றெழுத்தைச் சேர்த்தே சொன்னார். திரையின் மேல்மூலையில் ஸ்கோருக்குப் பக்கத்தில் சுருக்கப் பெயர் வரும் அல்லவா, அதிலும் அதே மூன்றெழுத்துதான் முன்னால். தாத்தா காலத்திலிருந்து பச்சை-மெரூன் கொடி பிடித்த குடும்பங்கள், தங்கள் அணி கோல் போடும்போது துள்ளுவதா வேண்டாமா என்று தவித்தன. வென்றால் அந்த வெற்றி யாருடையது? எதிரணி ரசிகன் கேலி செய்தால் என்ன பதில் சொல்வது? சொந்த அணியின் வெற்றியை முழு மனதாகக் கொண்டாட முடியாமல் செய்வதைவிட ஒரு ரசிகனுக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்துவிட முடியும்? பெயரிலிருந்து ஏ.டி.கே.யை எடுங்கள் என்று இணையத்திலும் தெருவிலும் கத்தினார்கள். 2023 மார்ச் 18-ஆம் தேதி, பெங்களூரு எஃப்.சி.யைப் பெனால்டியில் வென்று கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான், அடுத்த சீசனிலிருந்து அந்த எழுத்துகள் இருக்காது என்று உரிமையாளர் மைதானத்திலேயே அறிவித்தார். அதற்குள் மூன்று சீசன் ஓடிவிட்டது. நீக்கிய இடத்தில் அந்த உரிமையாளரின் குழுமத்துக்கே சொந்தமான லக்னோ கிரிக்கெட் அணியிலிருந்து சூப்பர் ஜெயன்ட் என்ற வால் வந்து ஒட்டிக்கொண்டது.

கோப்பையை வென்றதால்தான் அந்தக் கோரிக்கை நிறைவேறியதா என்ற கேள்வி எனக்கு உண்டு. அன்று கட்டிமணியின் கை போல பெங்களூரு கோல்கீப்பரின் கை நீண்டிருந்தால்? ரசிகனின் உரிமை ஒரு பெனால்டி உதையை நம்பி இருக்கக் கூடாது. அதனால்தான் விதி கேட்கிறேன்.

பழைய கதைகளைக் கிளறினால் இன்னும் வலிக்கும். 1998-ல் ஒரே மதுபானக் குழுமம் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு பீர் பெயரையும் மோகன் பகானுக்கு ஒரு விஸ்கி பெயரையும் முன்னால் ஒட்டியது. ஒருவரை ஒருவர் வெல்லப் பிறந்த இரண்டு அணிகளும் ஒரே முதலாளியின் சரக்குப் பெயரோடு டெர்பியில் இறங்கின. 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கலைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் வந்தது. இப்போது ஹைதராபாத்தை எடுத்து டெல்லிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஓர் ஊரில் பறித்து இன்னோர் ஊரில் நட்டுக்கொண்டே இருந்தால் எந்த ஊரில்தான் வேர் பிடிக்கும்? சையத் அப்துல் ரஹீமின் ஊர் ஹைதராபாத். 1956 ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும் 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோன பயிற்சியாளரின் ஊர். அந்த ஊருக்கே இந்த நிலை.

எங்கள் பக்கம் வாருங்கள். 2018-19-ல் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. சென்னையின் பெயரைச் சுமந்தாலும் அந்த அணிக்காகத் தொண்டை கட்டக் கத்தியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். பெட்ரோ மான்சி கோல் போட்டால் கோவை துள்ளியது. இன்று தேசிய லீக் எதிலும் அந்த அணி இல்லை. அந்த ஆரஞ்சு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பந்து உதைத்த பையன்கள் இப்போது கல்லூரிக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் இந்திய கிளப் கால்பந்தைப் பார் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

பணம் போடுபவர் அவர், சின்னம் அவர் விருப்பம் என்று உரிமையாளர்கள் தரப்பில் சொல்வார்கள். அவர்கள் நஷ்டத்தில் கிளப் நடத்துவது எனக்குத் தெரியும். கூட்டமைப்பின் வணிக உரிமைகளுக்காக 2010-ல் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்குப் போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தபோது, லீக் நடக்குமா நடக்காதா என்று வீரர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாள்களை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நெஞ்சின் நடுவில் விளம்பரம் போடட்டும், கையில் போடட்டும், முதுகில் போடட்டும். யாரும் தடுக்கவில்லை. இடது நெஞ்சில் இரண்டு விரற்கடை அகலத்தில் இருக்கும் சின்னத்தை மட்டும் எங்களைக் கேட்காமல் தொடாதீர்கள் என்கிறோம். கோல் போட்டவன் ஓடிவந்து முத்தமிடுவது அந்த இடத்தைத்தான். விளம்பரத்தை எவனும் முத்தமிட்டுப் பார்த்ததில்லை.

சின்னமே மாறக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவும் இல்லை. மான்செஸ்டர் சிட்டி 2015-ல் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் பழைய வட்டச் சின்னத்துக்குத் திரும்பியது. ஊர் ஏற்றுக்கொண்டது. கேட்காமல் செய்தவர்கள் பட்டதையும் பாருங்கள். கார்டிஃப் சிட்டியின் நீலத்தை 2012-ல் அதன் மலேசிய உரிமையாளர் சிவப்பாக்கினார். நீலப் பறவையைச் சின்னத்தின் ஓரத்துக்குத் தள்ளினார். சிவப்பு ஜெர்சியிலேயே பிரீமியர் லீக்குக்கு முன்னேறிக் காட்டினார்கள். அப்போதும் ரசிகர்கள் இறங்கிவரவில்லை. 2015-ல் நீலம் திரும்பியது. லீட்ஸ் யுனைடெட் 2018 ஜனவரியில் நெஞ்சில் கை வைத்த மனிதனின் உருவத்தைப் புதுச் சின்னமாக வெளியிட்டது. பத்தாயிரம் பேரைக் கலந்து பேசினோம் என்றார்கள். பல்லாயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட, அதைக் கைவிட்டார்கள். மாட்ரிட்டின் அட்லெட்டிகோவே 2017-ல் சின்னத்தை மாற்றிவிட்டு, உறுப்பினர்கள் வாக்களித்த பிறகு 2024-ல் பழையதற்குத் திரும்பியது. கொல்கத்தாவுக்குப் பெயரைத் தந்த அதே கிளப், தன் ரசிகனிடம் வாக்குக் கேட்டிருக்கிறது. இங்கே யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் இப்போது இது சட்டம். 2025-ல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, சின்னத்தையோ சொந்த மைதான ஜெர்சியின் முதன்மை நிறத்தையோ மாற்ற விரும்பும் கிளப், உள்நாட்டு ரசிகர்களில் பெரும்பான்மையினர் அதை ஆதரிக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் உங்கள் கூட்டமைப்பின் புதிய சாசனத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. விதிகளைப் புதிதாக எழுதும் நேரம் இது. ஒரு பத்தி போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஓர் உரிமையாளரால் ஓர் ஊரில் கிளப்பை நடத்தவே முடியவில்லை என்றால், பெயரும் சின்னமும் கோப்பைகளும் அந்த ஊருக்கே என்று எழுதுங்கள். லண்டனின் விம்பிள்டன் கிளப்பை 2003-ல் மில்டன் கீன்ஸுக்கு இடம் மாற்றினார்கள். அந்தப் புது கிளப் 2007-ல் விம்பிள்டனின் கோப்பைகளையும் நினைவுப் பொருள்களையும் அந்தப் பகுதி மக்களின் மெர்ட்டன் நகராட்சியிடமே ஒப்படைத்துவிட்டது. 2022-ல் ஹைதராபாத் வென்ற ஐ.எஸ்.எல். பட்டம் எந்தக் கணக்கில் இருக்கிறது? அந்தச் சின்னத்தின் உரிமை இப்போது யாரிடம்? நாளை ஹைதராபாத் ரசிகர்கள் கைக்காசு போட்டு ஒரு சிறு கிளப் தொடங்கினால், அதைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்கு ஒரு மாலை வந்து பாருங்கள். சென்னையின் எஃப்.சி.யின் நீல ஜெர்சி போட்ட சின்னப் பையன்கள் இருப்பார்கள். பலருக்கும் அது அண்ணன் போட்டுக் கழித்த ஜெர்சி. தோய்த்துத் தோய்த்து நெஞ்சில் சின்னத்தின் ஓரம் உரிந்து, அதிலிருக்கும் முகத்தில் பாதிதான் மிஞ்சியிருக்கும். அம்மா அதன் மேல் நாலு தையல் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தப் பையனுக்கும் அந்தக் கிளப்பில் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். உங்கள் விதிப் புத்தகத்தில் இன்றுவரை அவனுக்கு இடமில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேறு இடமில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டும். பெயர், சின்னம், நிறம், ஊர் ஆகிய நான்கையும் ரசிகர் வாக்கெடுப்பு இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதியை அடுத்த சீசனுக்கான உரிமம் வழங்கும் முன் கொண்டுவர வேண்டும். வரைவை எழுதும்போது டெக்கான் லீஜியனிலிருந்தும் கொல்கத்தாவின் இரு பக்கங்களிலிருந்தும் சென்னையிலிருந்தும் ரசிகர்களை அழைத்துப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊரில் கூப்பிட்டாலும் சொந்தச் செலவில் வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்