வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு மிதக்கத் தெரிய வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஜூன் கடைசியில் நோர்வேயின் ஒஸ்லோ நகரிலுள்ள என் சிநேகிதி வீட்டுக்குப் போய் மூன்று கிழமை நின்று வந்தேன். மட்டக்களப்பு நகரில் விடுதியில் தங்கி ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். போய் இறங்கிய முதல் நாள் பின்னேரம் நடந்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டார் வழியாக மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போகிறார்கள். நோர்வேக்காரர் வீடுகளிலும் அப்படித்தானாம். அதைக் கேட்டதுமே எனக்கிருந்த கூச்சம் பாதி போய்விட்டது. சிநேகிதி, அவளுடைய தாயார், மகள், மருமகன், 9 வயதுப் பேத்தி என்று நான்கு தலைமுறை அந்த வீட்டில். தாயாருக்கு 84 வயது. சொந்த ஊர் நாவலடி. நான் கொண்டுபோன கஜுவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மிளகாய்த்தூள் பையை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார். ஐந்து மணிக்கே சோறும் சமன் மீன் குழம்பும் தந்தார்கள்.

எங்கள் ஊரில் அப்போது இரவு எட்டரை. படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் அங்கே ஜூனில் பத்தரை மணிக்குப் பிறகுதான் பொழுது படும். வெளியே நல்ல வெயில். பேத்தி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மட்டக்களப்பு அம்மம்மா, குளிக்கப் போவம் வாங்க."

நிலக்கீழ் ரயிலில் கடைசி நிலையம் வரை போனால் சொங்ஸ்வான் என்ற ஏரி. சுற்றிவரக் காடு. ஆச்சியும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கரையில் என்னோடு உட்கார்ந்தார். சிநேகிதி முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டையும் கைநீள மேற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. நாற்பது வயதுக்கு மேல்தான் நீந்தப் பழகினாளாம். பிள்ளையோ ஒரு பலகையில் ஏறி நின்று பொத்தென்று குதித்து, உள்ளே போய்க் காணாமல் போய்விட்டாள். நான் எழும்பிவிட்டேன். ஆச்சி என் சேலையைப் பிடித்து இழுத்து, "இரு கா, வருவாள்" என்றார். வந்தாள். கையில் ஒரு கல். நீந்திவந்து அதை ஆச்சியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் போய் மல்லாந்து அப்படியே கிடந்தாள். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. ஆச்சியின் உதடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தன.

விளையாட்டு என்று நினைத்தேன். அது பாடம் என்று தாய்க்காரி விளங்கப்படுத்தினாள். அங்கே நான்காம் தரம் முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் நீந்தப் பழகியிருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆழத்தண்ணீரில் விழ வேண்டும், குப்புற 100 மீட்டர் நீந்த வேண்டும், இடையில் அடியில் கிடக்கும் பொருளை எடுத்துவர வேண்டும், மூன்று நிமிடம் மிதந்து இளைப்பாற வேண்டும், மல்லாந்து இன்னும் 100 மீட்டர் நீந்திக் கரையேற வேண்டும். வென்று பதக்கம் வாங்குவதற்கான பாடமில்லை, தவறி விழுந்தால் உயிரோடு வெளியே வருவதற்கான பாடம்.

பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து துவாய்க்குள் புகுந்தாள். "நீங்க ஏன் இறங்கேல்ல?" என்று என்னைக் கேட்டாள். நீந்தத் தெரியாது என்றேன். "உங்கட ஊர்ல தண்ணி இல்லையா?"

நான் வாய் திறக்கவில்லை. ஆச்சிதான் சொன்னார்: "ஒரு பக்கம் கடல் புள்ள, மறுபக்கம் வாவி. நடுவிலதான் எங்கட வீடு."

மறுகா என் பக்கம் திரும்பி, மெல்லத் தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்தத் தங்கச்சியை வீட்டு வாசலிலிருந்து வாவிக்குள் கொண்டுபோனது. தோணிக்காரர்கள் வாவியில் சிலரை உயிரோடு ஏற்றினார்கள். "இந்தப் புள்ள மாதிரிக் கொஞ்ச நேரம் கிடக்கத் தெரிஞ்சிருந்தா, அவளையும் ஏத்தியிருப்பாங்கள்." அந்த அலையில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போனார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆச்சியிடம் அதை எப்படிச் சொல்வது? அந்தக் கல் அவர் கையிலேயே இருந்தது.

நான் 11 வருடம் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து போய்வந்து படிப்பித்தவள். தினமும் இரண்டு தரம், சேலையோடு, ஒரு கையில் கொப்பிக்கட்டு, மறுகையில் குடை. மோட்டார் சைக்கிள்களும் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு நாளாவது "இது கவிழ்ந்தால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மிதப்பார்கள்" என்று நான் யோசித்ததில்லை. ஆசிரியையாக இருந்துகொண்டு யோசிக்காமல் விட்டது பெரிய பிழை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் போன செய்தியை வாசித்து அழுதேன். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்தபோதும் அழுதேன். அழுததோடு சரி.

நீச்சல் தடாகம் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குக் காசு வர வருடங்கள் போகும். எங்கள் வாவியில் நெஞ்சளவு தண்ணீர் உள்ள இடங்கள் எத்தனையோ உண்டு. முதலை இருக்கிறதே என்பார்கள். நியாயமான பயம்தான். எந்த இடம் நல்லது, எந்த மாதம் ஆகாது, எங்கே வலை அடித்து மறிக்கலாம் என்பது மீன்பிடிச் சங்கத்து ஆட்களுக்குத் தெரியும். பாடசாலை அதிபர்களும் அவர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே பழக்க வேண்டும். கைநீளச் சட்டை போட்டுக்கொண்டே பழகலாம், என் சிநேகிதி அப்படித்தான் நீந்துகிறாள். நீந்துவது மெல்ல மெல்ல வரட்டும், மல்லாந்து மிதக்கவாவது ஐந்தாம் தரத்துக்கு முன் பழக்கிவிட வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் கணவரோடு தோணியில் போகும் ஒரு தங்கச்சி இருக்கிறா. சிறு வயதிலிருந்தே நீந்துபவ. பிள்ளைகளுக்குப் பழக்கித் தர ஓம் என்றிருக்கிறா. என் இரண்டு பேத்திகளும் முதலில் இறங்குவார்கள். 62 வயதில் நானும் அவர்களோடு இறங்குவேன். இதைப் படிக்கும் வேறு ஊர் அம்மாமாரும் அதிபர்மாரும் தங்கள் பகுதியில் பழக்கக்கூடியவர் யார் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதினால், அந்த விபரங்களை ஊர் ஊராக வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.