நால்வரில் நான்காம் குரல்: பாரிட்டோன் சாக்ஸபோன் வாங்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

பாளையங்கோட்டையில் இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களுமாக நான்கு இளையோர், கடந்த மூன்று ஆண்டுகளாகச் சாக்ஸபோனில் மேற்கத்தியச் செவ்வியல் இசை பயின்று வருகிறார்கள். நால்வருக்கும் வயது 18-க்கும் 22-க்கும் இடையில். உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாரிட்டோன் என்று ஆளுக்கொரு கருவியாக, ஞாயிறுதோறும் மாலையில் கூடிப் பயிற்சி செய்கிறார்கள். இவற்றுள் பாரிட்டோன் மட்டும் அவர்களுடையதன்று. இரவல் வாங்கியது, பழுதுபட்டது. அதற்கு மாற்றாக நல்ல கருவி ஒன்றை ஊர்ப்பொதுவில் வாங்க வேண்டும் என்பதற்காகவே இவ்வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம்.

சாக்ஸபோன் நமக்குப் புதிதன்று. கல்யாண ஊர்வலத்துப் பேண்டு செட்டிலும் தேவாலயத்து அசனப் பண்டிகைப் பவனியிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய பிறகு சபா மேடையிலும் அதற்கு இடம் கிடைத்தது. இந்த நால்வர் செய்வது அவற்றினின்றும் வேறு. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பக்கவாத்தியமாக அமர்வது இதில் இல்லை. எதிரே நின்று கோல் வீசி நடத்துபவரும் இல்லை. நான்கு வரிகள் தத்தம் போக்கில் நடந்துகொண்டே, ஒன்று ஓங்கும்போது மற்றவை ஒதுங்கி, ஒன்று ஓயுமிடத்தில் மற்றொன்று எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். சொப்ரானோ வாசிக்கும் பெண் தொடங்குமுன் இழுக்கும் மூச்சும், அவர் கருவியின் நுனி ஒரு விரற்கடை தாழ்வதுமே மற்ற மூவருக்கும் சைகை. அந்த மூச்சுக்குக் காதைப் பழக்கவே அவர்களுக்கு ஓராண்டு பிடித்தது.

பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றபோதே இதைத் தனியொரு கருவியாக அன்றி, சிறிதும் பெரிதுமான ஒரு குடும்பமாகவே பதிவு செய்தார். ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் கிளாசுனோவ், தாய்நாட்டை விட்டு வந்து பாரிஸில் வாழ்ந்த முதுமைக் காலத்தில், 1932-இல், இந்தக் குடும்பத்தின் நான்கு பேருக்காகவே ஒரு பெரும்படைப்பை எழுதினார். மூன்று பகுதிகளைக் கொண்ட அதன் நடுப்பகுதி, பாமாலை ஒன்றைப் போல அமைதியாகத் தொடங்கி, அதே மெட்டை வெவ்வேறு சாயல்களில் வளர்த்துக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் இசையமைப்பாளர் ஷூமனின் சாயல், இன்னோரிடத்தில் இசையமைப்பாளர் ஷோப்பானின் சாயல். இதை முழுமையாக நெல்லையில் அரங்கேற்ற வேண்டும் என்பதே இந்த நால்வரின் ஆசை. முதற்பகுதியும் நடுப்பகுதியும் கைவந்துவிட்டன. மூன்றாம் பகுதியில், பாரிட்டோன் ஓடிப் பிடிக்க வேண்டிய இடங்களில் கருவி ஒத்துழைக்க மறுக்கிறது.

தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடிப் பழகிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிக்குரலான பேஸ் பாடுகிற அண்ணாச்சி வராத ஞாயிற்றுக்கிழமையில், மற்ற மூன்று குரலும் சுருதி பிசகாமல் பாடினாலும் பாட்டு தரையில் கால் பாவாமல் நிற்பதை நாம் அறிவோம். பாரிட்டோன் சாக்ஸபோனின் வேலையும் அதுவே. இப்போதுள்ள கருவி, சென்னையில் திரையிசைக் குழுக்களில் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரின் குடும்பத்தார் மனமுவந்து தந்தது. அவர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அதன் வயது நம்மில் பலருடைய வயதைவிடக் கூடுதல். துளைகளை மூடும் பேடுகளின் தோல் வெடித்து, ஒரு கீயின் வில் தளர்ந்து, இப்போது அதை ரப்பர் பேண்டு போட்டுத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறார் பாரிட்டோன் வாசிக்கும் இளைஞர். சென்ற மாதம் அறையை இருட்டாக்கிவிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கட்டும் சீரியல் லைட்டைக் குழலுக்குள் விட்டு, எல்லாக் கீகளையும் அழுத்திப் பார்த்தோம். மூடிய துளைகளில் ஆறிலிருந்து வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். ஆகவேதான் அடித்தள ஸ்வரங்கள், எவ்வளவு ஊதினாலும், ஒன்று ஊமையாகின்றன அல்லது எட்டு ஸ்வரம் மேலே துள்ளிவிடுகின்றன. பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். கருவியின் விலையில் பாதிக்கு மேல் செலவாகும் என்றும், அதன் பிறகும் உறுதி சொல்ல இயலாது என்றும் அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

மேற்கத்திய இசைக்கு நம் ஊர்ப்பணம் எதற்கு என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. சென்னையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இயற்றியவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் 1835-இல் மறைந்தது நம் எட்டயபுரத்தில். நல்ல இசை வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு பழையது. இந்த நால்வரில் டெனர் வாசிப்பவர் அம்பாசமுத்திரம் பக்கத்து நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் பெயரைக் கேட்டே வளர்ந்தவர். வீட்டில் நாதஸ்வரத்தின் சீவாளியையும் இங்கே சாக்ஸபோனின் ஊதுமுனையில் அதிரும் நாணல் பட்டையான ரீடையும் மாறி மாறி உதட்டில் வைக்கும் அவர், ஒன்றில் பெற்ற மூச்சுக்கட்டு மற்றொன்றில் கைகொடுக்கிறது என்கிறார்.

இனிச் செலவு. முழுமையாகச் சீர்செய்யப்பட்ட, உழைத்துப் பழகிய, ஆனால் நம்பகமான பாரிட்டோன் ஒன்று, பெட்டியும் கொண்டுவரும் செலவும் உட்பட 3,40,000 ரூபாய் ஆகிறது. மற்ற மூன்று கருவிகளுக்கும் பேடு மாற்ற 45,000 ரூபாய். ரீடுகள் தேய்ந்துபோகும் பொருள் என்பதால் நால்வருக்கும் ஓராண்டுக்கு 60,000 ரூபாய் தேவைப்படுகிறது. ஸ்வரப் பிரதிகளை ஜெராக்ஸ் எடுத்து வாசிப்பதில்லை, விலைகொடுத்தே வாங்குவது என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்கும் ஸ்டாண்டுகளுக்குமாக 20,000 ரூபாய். ஆக மொத்தம் 4,65,000 ரூபாய். ஆதரவுக் குழு உறுப்பினர்களும் இளையோரின் பெற்றோரும் சேர்ந்து 1,10,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். மீதி 3,55,000 ரூபாய்க்கே உங்களை நாடி வந்திருக்கிறோம்.

வாங்கும் பாரிட்டோன் தனிப்பட்ட ஒருவருக்கு உடைமையாகாது. அது ஆதரவுக் குழுவின் பொறுப்பில் இருக்கும். இப்போது வாசிப்பவர் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் சென்றால், அடுத்துப் பயிலும் பிள்ளையின் கைக்கு மாறும். நான்கு கருவிகளுக்கும் விரல்முறை ஒன்றே என்பதால், ஆல்ட்டோ கற்ற எவரும் மூச்சைப் பெருக்கிக்கொண்டு இதற்கு வரலாம். அரங்கேற்றத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதன் பின் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரப் பள்ளிகளில், அழைக்கும் இடங்களுக்கெல்லாம் சென்று இலவசமாக வாசித்துக் காட்டவும் நால்வரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நூறு ரூபாயானாலும் ரசீது தரப்படும். ரசீதுப் புத்தகத்துடன் வரும் உறுப்பினரிடமே வங்கிக் கணக்கு விவரமும் இருக்கும். வரவும் செலவும் அரங்கேற்றத்தன்று மண்டப வாசலில் எழுதி ஒட்டப்படும். கொடுக்குமுன் கேட்டுப் பார்க்க விரும்புவோர் எந்த ஞாயிறு மாலையும் பயிற்சிக்கு வரலாம். இரவல் கருவியை வரும் தைப்பொங்கலுக்குள் திருப்பித் தருவதாக அந்தக் குடும்பத்தாருக்கு வாக்களித்திருக்கிறோம். ஆகவே தங்கள் நன்கொடை கார்த்திகை முடிவதற்குள் எங்களை வந்தடைந்தால், மார்கழியில் மாற்றுக் கருவி வந்து சேர ஏற்பாடு செய்துவிடுவோம்.

இப்படிக்கு,
சாக்ஸபோன் நால்வர் ஆதரவுக் குழுவினர்,
பாளையங்கோட்டை.