112 டொலரும் ஒரு முதலெழுத்தும்: மட்டக்களப்பு, அம்பாறை வங்கிக் கிளை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களே,

மண்டூர்ப் பக்கத்துத் தங்கை ஒருவருக்கு, இணையத்தில் கட்டுரை எழுதியதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த 112 டொலர், சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய கிளையிலிருந்து திரும்பிப் போனது. எந்தக் கிளை என்று எழுதப் போவதில்லை. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கிளையிலும் இது நடக்கக்கூடியது என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. இணையத்தில் உழைத்து வரும் சிறு தொகைக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி, கவுண்டருக்கு முன்னால் ஒட்டுங்கள். எல்லாக் கவுண்டரிலும் அந்தத் தாளில் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

அந்தப் பணம் ஏன் திரும்பியது என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் பொருந்தவில்லை. ஆனால் பெயர் ஏன் பொருந்தவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. பெயரை மாற்றியே சொல்கிறோம். பிறப்புப் பத்திரத்தில் அவர் கந்தசாமி சிவரஞ்சினி. உங்கள் சேமிப்புப் புத்தகத்தில் க. சிவரஞ்சினி. பணம் அனுப்பும் தளத்தின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு, ஒன்று முதற்பெயருக்கு, மற்றது குடும்பப் பெயருக்கு. இரண்டாவது கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால் படிவம் ஏற்காது. ஆகவே அவர் முதல் கட்டத்தில் சிவரஞ்சினி என்றும் அடுத்ததில் கந்தசாமி என்றும் எழுதினார். வேறு எப்படி எழுத முடியும்? எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அது முன்னால் வரும், முதலெழுத்தாகச் சுருங்கும்.

இதோடு ஆங்கில எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. பழைய அடையாள அட்டையில் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் மட்டுமே இருந்தது. 2017 இல் வந்த புதிய அட்டையில்தான் ஆங்கிலமும் சேர்ந்தது. பழைய அட்டையோடு கணக்குத் திறந்தவரின் ஆங்கிலப் பெயர், அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர் எழுதிய பெயர். கந்தசாமியை ஒருவர் ‘டி’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘ரீ, எச்’ போட்டு எழுதுவார். முடிவில் ஒருவருக்கு ‘ஐ’ வரும், மற்றவருக்கு ‘வை’ வரும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. பெயருக்கு முன்னால் மூன்று முதலெழுத்து நிற்கும். முஹம்மது என்ற ஒரே பெயர் வாப்பாவின் பத்திரத்தில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும், உங்கள் கணினியில் மூன்றாவது விதமாகவும் இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இந்த இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியை ஒருமுறை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கணக்கின் குறிப்பில் மாற்றுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். அடுத்த முறை பணம் வரும்போது அந்தக் குறிப்பைப் பாருங்கள். சில கிளைகளில் சத்தியக்கடதாசியை ஏற்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறார்கள். ஒரு பெயர் ஒருமுறைதான் நிரூபிக்கப்பட வேண்டியது.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் ‘பாதை’ என்னும் வாவிப் படகு ஏறி வந்து, அங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய், வரிசையில் நின்று, “மெனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்க” என்று கேட்டுத் திரும்பும் ஒரு நாளுக்குரிய விலையைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஆயிரம் சொல் கட்டுரை ஒன்றுக்கு 10 டொலர் என்று வைப்போம். ஐந்து கட்டுரை எழுதினால் 50 டொலர். ஃபைவர் போன்ற, வேலை பெற்றுத்தரும் இணையத்தளத்தில் இருபது வீதம் கழியும், மிச்சம் 40. ஓடர் முடிந்த பின்பும் புதியவர் ஒருவருக்குப் பணம் கைக்கு எட்ட 14 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு அதை வெளியே எடுக்கும் கட்டணம். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் எல்லாம் போக 12,000 ரூபாவுக்கும் குறைவு. அந்தத் தொகைக்காக மூன்று நாள் வங்கிக்கு நடப்பவர் மூன்று நாள் எழுதாமல் இருக்கிறார். தவணை தவறினால் தளத்தில் அவருடைய மதிப்பெண் இறங்கும், அடுத்த ஓடர் வேறு ஒருவருக்குப் போகும்.

பணம் திரும்பிப் போவது இதைவிட மோசம். நேரடி வங்கி அனுப்பலில் இடையில் நிற்கும் வங்கியும் தன் கட்டணத்தை எடுக்கும், போகும்போதும் எடுக்கும், வரும்போதும் எடுக்கும். 112 டொலர் மறுபடி அனுப்பியவரின் கையைச் சேர்ந்தபோது 81 ஆக இருந்தது. கட்டுரை எழுதியவர் பிழை விடவில்லை, காசு கொடுத்தவரும் பிழை விடவில்லை. 31 டொலர் ஒரு முதலெழுத்துக்குப் போயிற்று.

அடுத்தது, “கம்பனிக் கடிதம் கொண்டு வாங்க” என்ற சொல். எந்தக் கம்பனி? இந்த வேலையில் நியமனக் கடிதம் கிடையாது, சம்பளத் தாள் கிடையாது, முத்திரை குத்திய ஒப்பந்தம் கிடையாது. இருப்பவை வேறு. கட்டுரை வேலைக்கு ஓடர் பக்கம் இருக்கும், தளமே உருவாக்கும் இன்வொய்ஸ் இருக்கும், ஒப்படைத்த கட்டுரையும் இருக்கும். ரெஃபரல் வருமானத்துக்கு, அதாவது பிறரின் பொருளுக்கான இணைப்பைப் பகிர்ந்து விற்பனைக்குப் பெறும் கொமிஷனுக்கு, யார் இணைப்பின் வழியே எந்தத் திகதியில் எத்தனை விற்பனை நடந்தது, எவ்வளவு கொமிஷன் என்று காட்டும் பக்கமும், பணம் விடுவித்ததாக வந்த மின்னஞ்சலும், அந்தத் திட்டத்தின் நிபந்தனைப் பக்கமும் இருக்கும். அச்செடுத்த இந்தத் தாள்களோடு, “இது எனது உழைப்புக்கான பணம்” என்று கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்.

ரெஃபரல் என்ற சொல்லைக் கேட்டதும் சில அலுவலர்களின் முகம் மாறுகிறது. ஆள் சேர்த்துக் காசு கட்ட வைக்கும் பிரமிட் என்று நினைக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டத்தைத் தடை செய்கிறது, அதில் சிக்கி நகையை ஈடுவைத்த குடும்பங்கள் எங்கள் ஊர்களிலும் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: சேருவதற்குக் காசு கட்டினீர்களா? நேர்மையான ரெஃபரலில் சேர ஒரு சதமும் கட்டுவதில்லை. யாரோ ஒருவர் உண்மையான பொருளையோ சேவையையோ வாங்கினால் மட்டுமே கொமிஷன் உண்டு. அமேசனின் திட்டத்தில் இணைப்பை அழுத்தியவர் 24 மணித்தியாலத்துக்குள் பொருளைத் தெரிவு செய்ய வேண்டும், சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். தன் இணைப்பில் தானே வாங்கினால் காசு இல்லை. வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை கொமிஷனை நிறுத்தி வைப்பார்கள். பணம் மாதாமாதம் ஒரே அளவில் வராமல் இரண்டு மாதம் வெறுமையாகப் போய் மூன்றாம் மாதம் சேர்ந்து விழுவது இதனால்தான். அதைச் சந்தேகத்துக்குரிய அறிகுறியாக எடுக்காதீர்கள். பிரமிட்டில் நீங்கள் முதலில் கட்டுவீர்கள், பிறகு நீங்கள் கூட்டி வருபவர் கட்டுவார், விற்கும் பொருள் என்று ஒன்று இருக்காது, இருந்தாலும் பேருக்கு இருக்கும்.

இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. ஆள் சேர்க்கும் கூட்டங்கள் தனியார் ஒருவரின் கணக்கில் இருபது பேர், முப்பது பேர் என்று ஒரே தொகையைக் கட்ட வைக்கின்றன. அந்தப் பணம் உங்கள் கவுண்டர்கள் வழியாகத்தான் போகிறது. அந்த வரிசையில் நின்ற ஒருவரிடமாவது “இது என்ன காசு, தம்பி?” என்று கேட்டிருந்தால் சில வீடுகள் தப்பியிருக்கும். அங்கே கேட்கப்படாத கேள்வி, வெளியிலிருந்து உழைத்துக் கொண்டுவந்த 112 டொலருக்குக் கேட்கப்படுகிறது. 2022 இல் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நாடு நின்றபோது, வங்கி வழியாக டொலர் அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் வேண்டினார்கள். அந்த வேண்டுகோளை நம்பி, வங்கிக்கு வெளியே பணம் கைமாறும் உண்டியலை விட்டு வங்கிக்கு வந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். இவர்களைத் திருப்பி அனுப்பினால் எங்கே போவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு ஒருவரின் கணக்கை வாடகைக்கு எடுப்பார்கள், அதற்கும் ஒரு கொமிஷன் கொடுப்பார்கள், ஒருநாள் அந்தக் கணக்குக்காரர் தொலைபேசியை நிறுத்திவிடுவார்.

உங்களுக்கும் கடமை உண்டு என்பதை மறக்கவில்லை. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அறிந்திருக்கத்தான் வேண்டும். கேளுங்கள். ஆனால் திங்கள் ஒன்று, செவ்வாய் வேறொன்று என்று கேட்காதீர்கள். “டக்ஸ் ஃபைல் இல்லாமல் தர ஏலாது” என்றும் சொல்லாதீர்கள். டின் எனும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு இருக்கிறது. மாதம் 12,000 ரூபா உழைக்கும் ஒருவரை வரி என்ற சொல்லால் வெருட்டுவது சரியில்லை.

இன்னும் ஒரு சின்ன விடயம். “உங்கட காசு வரல்ல” என்று சொல்லுமுன், ஸ்விஃப்ட் எனும் வங்கிகளுக்கிடையிலான பணம் அனுப்பல் செய்தியின் பிரதியில் உள்ள 36 எழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பெயரை வைத்துத் தேடினால், மேலே சொன்ன காரணங்களால், வந்த காசும் வராததாகவே தெரியும். பொருந்தாத பெயரில் ஏதாவது வந்திருந்தால், திருப்பி அனுப்புமுன் கணக்குக்காரருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். இலக்கம் உங்களிடம் இருக்கிறது.

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கதிரை இழுத்துப் போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலர்களும் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் யாருடைய நல்ல மனதிலும் தங்கியிராத ஒரு தாள் வேண்டும். தயவுசெய்து அந்த ஒரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், வரைவை நாங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்து தருகிறோம். நீங்கள் திருத்திக் கையெழுத்து வைத்தால் போதும். வரும் மாதக் கொடுப்பனவுகள் 21 ஆம் திகதியிலிருந்து வரத் தொடங்கும். அதற்கு முன்னால் ஒட்டினால் மண்டூர்த் தங்கையின் பணம் இரண்டாம் தடவை திரும்பாது.

இப்படிக்கு,
எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கங்களிலும் இணையத்தில் எழுதி உழைக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவோர்