பதினொன்றாம் எண் இடமும் ஒரு கிண்ணம் மைதாப் பசையும்

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ஒரு வாளி வெந்நீரும் பழைய வேட்டித் துணியுமாக நான் கீழே நின்றிருந்ததைப் பால் வாங்க வந்த உங்களில் இருவர் பார்த்தீர்கள். "என்ன சார், வண்டிக்கு அபிஷேகமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டும் போனீர்கள். அபிஷேகம் இல்லை ஐயா. என் காரின் பானட்டில், நட்டநடுவில், நீங்கள் ஒட்டச் சொன்ன நோட்டீஸை ஊறவைத்து உரித்துக்கொண்டிருந்தேன்.

"அனுமதியின்றி நிறுத்தப்பட்ட வாகனம். அபராதம் ரூ.500." கீழே மூவரின் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை. வாசகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஒரு பிளேடு போதும், இரண்டு நிமிட வேலை. பெயின்ட்டின் மேல் ஒட்டியதுதான் துயரம். சுவரொட்டிக்குக் காய்ச்சுகிற அதே மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் கலந்திருந்ததோ என்னவோ, ஓரங்களில் லேசாக நீலம் தெரிந்தது. காரின் நிறத்துக்கு மேல் பூசப்படும் தெளிவான பூச்சு ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. அவசரப்பட்டு நகத்தால் சுரண்டினால் அதுவும் கூடவே வந்துவிடும். முக்கால் மணி நேரம் துணியை நனைத்துப் போட்டு, எடுத்து, மறுபடி நனைத்துப் போட்டேன். 'அனுமதியின்றி' என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. இன்றைக்கும் வெயில் சாய்வாக விழும்போது அந்த இடத்தில் 'அனு' வரை படிக்கலாம்.

காவலாளி அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்னதைச் செய்தவர். தாராள மனம் உள்ளவர் என்பதால் பசையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

முதல் நாள் இரவு நான் விருந்தினர் இடத்தில் வண்டியை நிறுத்தியது உண்மை. மறுக்கவில்லை. பதினொரு மணிக்குக் காற்று கிளம்பியது; எனக்கு ஒதுக்கப்பட்ட திறந்தவெளி இடத்துக்கு நேர் மேலே இருக்கும் வாதுமை மரக்கிளை முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. அந்தக் கிளையை வெட்டச் சொல்லி இதுவரை மூன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். மூன்றுக்கும் பதில் வரவில்லை. விருந்தினர் இடத்துக்குப் பாதிக் கூரையாவது உண்டு என்பதால் ஒரே ஓர் இரவு அங்கே கொண்டுபோய் விட்டேன். அன்று எந்த வீட்டுக்கும் விருந்தினர் வரவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

என் கோரிக்கை பழையதுதான். ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கூரையோடு இருக்கும் நிறுத்துமிடத்தில், பதினொன்றாம் எண் இடத்தை எனக்குத் தாருங்கள். சும்மா வேண்டாம்; மாத வாடகை வைத்துத் தாருங்கள்.

பதினொன்றாம் எண்ணில் என்ன நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாருதி 800. நான்கு டயரிலும் காற்றில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். வண்டி 2019இலிருந்து ஓர் அடி நகரவில்லை. பின்சீட்டில் ஒரு பூனை இதுவரை நான்கு முறை குட்டி போட்டிருக்கிறது. அந்த மாருதியின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. 1983இல் வந்து நடுத்தரக் குடும்பத்தையெல்லாம் காரில் ஏற்றிய வண்டி. என் அப்பாவும் அதில்தான் ஓட்டக் கற்றார். மரியாதைக்குரிய வண்டிதான். ஆனால் ஓடாத வண்டிக்குக் கூரை, ஓடுகிற வண்டிக்கு வௌவால் எச்சம் என்பது என்ன கணக்கு என்று புரியவில்லை. பக்கத்துப் பத்தாம் எண்ணில் பாதி இடத்தைக் கொலுப்படியும் துருப்பிடித்த டிரெட்மில்லும் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டியதாகத் தெரியவில்லை.

என் வண்டியைப் பற்றிச் சொன்னால் பெருமையடிப்பது போலாகும். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் போன பொதுக்குழுவில் "அதுவும் எல்லார் வண்டியையும் போல ஒரு கார்தானே" என்று ஒருவர் சொன்னார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020இல் இந்தியாவுக்கு மொத்தம் 200 மட்டுமே முழுதாக இறக்குமதியாகி வந்தன. 245 குதிரைத்திறன். ஷோரூம் விலை அப்போதே 36 லட்சத்தைத் தொட்டது. நான் வாங்கியது நான்கு ஆண்டு ஓடிய பிறகு, இரண்டாவது கையாக, பத்து வருடச் சேமிப்பில். இன்னொன்று வேண்டுமென்றால் கடையில் கிடைக்காது. இந்தச் சொகுசுக்காரனுக்கு என்ன குறை என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஒருவர் வாய்விட்டே கேட்டார்: "அவ்வளவு பணம் இருக்கிறவர் தனி வீடு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" ஐயா, வேளச்சேரியில் ஒரு கிரவுண்டு நிலம் என்ன விலை என்று அவருக்குத் தெரியாதா? அந்த விலைக்கு இந்தக் காரைப் போல எத்தனையோ வாங்கி வரிசையாக நிறுத்தலாம். நிறுத்தத்தான் இடம் இருக்காது.

ஒரு திறந்தவெளி இடத்தில் இப்படிப்பட்ட வண்டியை வைத்துக் காப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லவிடுங்கள். வாதுமைப் பழம் பழுக்கிற மாதங்களில் ராத்திரி முழுக்க வௌவால்கள். பழத்தைச் சப்பிக் கொட்டையைக் கூரைமேல் போடும் சத்தம் இரண்டாம் மாடியில் என் படுக்கைக்குக் கேட்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள் எச்சத்தைத் துடைத்தாக வேண்டும். ஏறிவிட்டால் பூச்சு சூட்டில் இளகி, கறை உள்ளே இறங்கிவிடும். உறை போட்டு மூடலாமே என்பீர்கள். போட்டேன். காற்றில் உறை அசைய அசைய, உள்ளே சிக்கிய புழுதி உப்புத்தாள் வேலையைச் செய்தது. பிறகு பெருச்சாளி. ஒரு முறை பானட்டுக்குள் வயரைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து எஞ்சின் பக்கத்தில் ஒரு கட்டுப் புகையிலை தொங்குகிறது. காரைத் திறந்தால் பாட்டியின் சுருக்குப் பை வாசனை வருகிறது.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. நான் உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புவது ஓர் இரவை. முக்கியமாகப் பொருளாளர் அவர்களுக்கு.

2024 அக்டோபர் மத்தியில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் போல மிதந்து போனதை எல்லோரும் கைபேசியில் பார்த்திருந்தோம். எனவே ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றியது. நானும் ஏற்றினேன். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், ஸ்டார்ட் செய்கிற அந்த நொடியிலேயே எஞ்சினுக்குள் இருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகலாம்; காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காப்பீட்டில் எஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டாதவனுக்கு அந்தச் செலவு முழுதும் சொந்தச் செலவு. கட்டியவனுக்கும் மறு எஞ்சின் கடல் தாண்டி வரவேண்டும்.

வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. மேம்பாலத்துக்கு அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு. போடவில்லை என்று போலீஸ் மறுத்ததாக இன்னொரு பேச்சு. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசை, முன்னால் ஒரு பழைய டாக்சி, பின்னால் ஒரு வேகன்ஆர். சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வரிசை நெடுக வந்துபோனார். நடு இரவில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பார்த்தால், நம் பொருளாளர். ஸ்டில்ட்டில் நான்காம் எண் இடம் வைத்திருப்பவர். அவருடைய வண்டி எனக்கு மூன்று வண்டி பின்னால் நின்றது. எவர்சில்வர் டப்பாவில் வீட்டிலிருந்து வந்த சுண்டல். இருவரும் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். "சீட்டு நல்லாப் பிடிமானமாக இருக்கிறதே" என்றார். மழை பெரிதாகப் பெய்யவில்லை, விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இறங்கும்போது அவர் சொன்னது இது: "இந்த வண்டியை வெயிலில் போடுவது பாவம் சார். அடுத்த கமிட்டியில் உங்களுக்கு ஓர் இடம் பார்த்துவிடுகிறேன்."

அதன் பிறகு எத்தனை கமிட்டி கூடியது என்பது அவருக்குத் தெரியும். பானட்டில் ஒட்டிய நோட்டீஸில் மூன்றாவது கையெழுத்து அவருடையது.

வெள்ளம் வந்தால் ஸ்டில்ட்டும் முழுகத்தானே போகிறது, பிறகு எதற்கு அங்கே இடம் என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளத்தன்று நான் மேம்பாலத்துக்கே போய்க்கொள்கிறேன். மீதி 360 நாளுக்குத்தான் கூரை கேட்கிறேன்.

அடுத்து, ஸ்டில்ட் இடங்கள் "பில்டரிடம் காசு கொடுத்து வாங்கியவை" என்ற வாதம். 2010இல் உச்ச நீதிமன்றம் மும்பை வழக்கொன்றில், ஸ்டில்ட் இடத்தைப் பில்டர் தனியாக விற்க முடியாது, அது பொது இடத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்னது, நமக்கு அப்படியே பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். நான் கோர்ட்டுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் அதே தீர்ப்பு, தூண்களுக்கு நடுவே இருக்கும் இடம் கராஜே ஆகாது என்றும் சொல்கிறது. ஆக, கராஜ் இல்லாதவன் என்று நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்தத் தீர்ப்பின்படி நம் கட்டடத்தில் யாருக்குமே கராஜ் கிடையாது.

ஜப்பானில் 1962இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்யலாம். இங்கே அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் முதலில் மாட்டுபவன் நானாக இருந்திருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். இடத்தை எழுத்தில் சரியாகப் பார்க்காமல் "கார் பார்க் உண்டு" என்ற விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பி வீடு வாங்கியது என் தவறு. ஆனால் இந்த ஊரின் விசித்திரத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2024இல் ஃபார்முலா 4 பந்தயத்துக்காகத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவை அடைத்து, தடுப்பு வைத்து, ராத்திரியைப் பகலாக்கும் விளக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வேகமான காருக்கு அவ்வளவு மரியாதை செய்த நகரத்தில், நான் கேட்பது ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். அதிலும் என் வண்டி 4.7 மீட்டர்தான், மிச்சத்தில் பூனை இருந்துகொள்ளலாம்.

கேட்டுக்குள் நீங்கள் போட்ட வேகத்தடையைப் பற்றியும் எழுத இருந்தேன். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்கூட யாரும் வராத இடத்தில் அம்மி உயரத்துக்கு ஒரு மேடு. ஒவ்வொரு முறையும் குறுக்கே சாய்த்து ஏற்றினாலும் அடிவயிறு உரசுகிறது. ஆனால் கடிதம் நீள்கிறது, அது வேறு ஒரு நாளைக்கு இருக்கட்டும். ஞாயிறு விடியற்காலை என் வண்டியின் சத்தத்தால் முதல் மாடிப் பெரியவரின் தூக்கம் கெட்டது என்ற புகார் உண்மை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஆறு மணிக்கு முன் எடுப்பதில்லை.

ஆகவே, கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பணிவாகவே கேட்கிறேன். பதினொன்றாம் எண் இடத்தின் உரிமையாளருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் மாருதியை நான் என் செலவில் டயர் மாற்றி, என் திறந்தவெளி இடத்தில் நல்ல உறை போட்டு நிறுத்திவைக்கிறேன். அவர் ஊருக்கு வரும் நாளில் இடத்தைக் காலி செய்து தருகிறேன். அவருக்கு வாடகையும், சங்கத்துக்கு வேண்டுமானால் அதில் ஒரு பங்கும் தருகிறேன். அவர் மறுத்தால், ஸ்டில்ட் இடங்கள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கலில் விடும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வையுங்கள். குலுக்கலில் எனக்கு விழாவிட்டால் அந்த ஆண்டு வௌவால்களோடு வாழ்ந்துகொள்கிறேன். வாதுமைக் கிளையை மட்டும் மழைக்கு முன் வெட்டிவிடுங்கள்.

அபராதம் 500 ரூபாயை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ரசீது வேண்டும்.

இன்னொரு முறை நோட்டீஸ் கொடுக்க நேர்ந்தால், தயவுசெய்து வைப்பரில் செருகிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் எப்படியும் காலை ஐந்தரைக்குத் துணியோடு கீழே வந்துவிடுவேன், படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடி, வாதுமை மரத்துப் பக்கத்து வீட்டுக்காரர்

பி.கு.: பொருளாளர் அவர்களுக்கு, அன்றைய சுண்டல் டப்பா இன்னும் என் காரின் பின்சீட்டில்தான் இருக்கிறது. புகையிலை வாசனை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.